மாரிக்கு மண்டபத்துக்குள் ஒரு விளையாட்டு: வீ, கினெக்ட், சுவிட்ச் ஆகியவற்றுள் எதை வாங்குவது?

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் உள்ள பெரும்பாலான ஊர் மைதானங்கள் தை பிறக்கும் வரை விளையாட்டுக்கு உதவுவதில்லை. உதைபந்தாட்டக் கம்பங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். கரப்பந்தாட்ட வலையைக் கழற்றிக் கழக அறையில் சுருட்டி வைத்துவிடுவார்கள். மார்கழி விடுமுறையில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியைத் தவிர வேறு பொழுதுபோக்கு இருக்காது. இந்த மாதங்களை மனதில் வைத்துத்தான் எங்கள் பகுதி வாசிகசாலைகளிலும் விளையாட்டுக் கழகங்களிலும் ஒரு யோசனை அடிபடுகிறது. சுவிற்சர்லாந்திலோ கனடாவிலோ இருக்கும் உறவினர்கள் அனுப்பும் பணத்தைக் கொண்டு, உடலை அசைத்து ஆடும் வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கிப் பொது மண்டபத்தில் வைக்கலாம் என்பதே அது. எங்கள் ஊர் வாசிகசாலைக் குழுவிலும் இந்தப் பேச்சு எழுந்தது. தேடிப் படித்தவற்றையும், ஆடிப் பார்த்தவற்றையும், மற்றவர்கள் ஆடும்போது அருகில் நின்று கவனித்தவற்றையும் கொண்டு இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

விளையாட்டுக் கருவிகளை மதிப்பிடுபவர்கள் வழமையாகப் பார்ப்பது படத்தின் தெளிவையும், விளையாட்டின் ஆழத்தையும், எத்தனை மாதம் சலிக்காமல் ஆடலாம் என்பதையும்தான். வீட்டு அறையில் தனியே இருந்து ஆடும் இளைஞருக்கு அவை பொருத்தமான அளவுகோல்களே. ஊர் மண்டபத்துக்கு வாங்கும்போது நான் முதலில் கேட்பது வேறு: மைதானத்துக்கு எந்தக் காலத்திலும் வராதவர்களில் எத்தனை பேரை இந்தக் கருவி எழுப்பி ஆட வைக்கும்? கோடையில் மாலை நேரம் எங்கள் மைதானங்களைப் பார்த்தால், ஆடுபவர்கள் அநேகமாக எல்லோரும் இளைஞர்களும் ஆண் பிள்ளைகளுமே. பெண் பிள்ளைகளின் விளையாட்டு பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியோடு நின்றுவிடுகிறது. தாய்மார் வேலியோரம் நின்று பார்ப்பதோடு சரி. போரில் காலை இழந்தவர்களையும் பக்கவாதம் வந்து தேறியவர்களையும் அந்தப் பக்கம் காண்பது அரிது. இவர்களை ஆட்டத்துக்குள் கொண்டுவர முடியுமானால் அது நல்ல செலவு. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பையன்களுக்கு இன்னொரு திரையைக் கொடுப்பதற்குத்தான் என்றால் பொதுப் பணத்தில் ஒரு ரூபாயும் செலவழிக்கத் தேவையில்லை.

இந்த வகை விளையாட்டுகள் உலகெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது 2006ஆம் ஆண்டின் இறுதியில், நின்டென்டோ நிறுவனம் வீ என்ற கருவியை வெளியிட்டபோதுதான். ஜப்பானையும் தென்கொரியாவையும் தவிர்ந்த நாடுகளில் வீ ஸ்போர்ட்ஸ் என்ற இறுவட்டையும் அந்தப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார்கள். டெனிஸ், பேஸ்போல், பத்துக் கட்டைகளைப் பந்தை உருட்டி வீழ்த்தும் பௌலிங், கொல்ஃப், குத்துச்சண்டை என ஐந்து விளையாட்டுகள் அதில் இருந்தன. வீ கருவி 10 கோடிக்கும் மேல் விற்றது. அந்த இறுவட்டு 8 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. இவ்வளவு பேரை அது ஈர்த்ததற்குக் காரணம் படத்தின் அழகு அல்ல. அதே காலத்து மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டால் அதன் படம் மங்கலானது. சாதாரண விளையாட்டுக் கருவியின் கைப்பிடியில் பெருவிரலால் தள்ளும் இரண்டு நெம்புகளும் பத்துக்கு மேற்பட்ட பொத்தான்களும் இருக்கும். அவற்றைப் பழகாதவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே தோற்று, வெட்கப்பட்டு, கைப்பிடியைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிடுவார். வீயில் பந்தை அடிக்க வேண்டுமானால் அடிப்பதுபோல் கையை வீசினால் போதும். பத்து வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் தொடக்கப் புள்ளி ஒன்றாகிவிடுகிறது.

ஆடாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது இரண்டாவது காரணம். வழமையான வீடியோ விளையாட்டில் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். ஆடுபவர் அசையாமல் இருப்பார். இங்கே மண்டபத்தில் இருப்பவர்களின் கண் ஆடுபவர்மீதுதான் இருக்கும். அவர் வளைவதும் எம்புவதும் தவறவிட்டுத் தலையில் கை வைப்பதும்தான் காட்சி. அதனால் நான்கு பேர் ஆடினாலும் இருபது பேர் கூடி நிற்பார்கள், அடுத்த முறை தமக்கு என்று கேட்பார்கள்.

கல்லடியில் ஓர் உறவினர் வீட்டு விறாந்தையில் இதை நேரில் கண்டேன். பேரன் வீ ரிமோட்டைப் பெத்தாவின் கையில் கொடுத்து, வாரை மணிக்கட்டில் மாட்டி இறுக்கிவிட்டு, பௌலிங் ஆடச் சொன்னான். பின்புறப் பொத்தானை அமத்திப் பிடித்தபடி கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது பொத்தானை விட வேண்டும். அவ்வளவுதான் அந்த ஆட்டம். "கையை விடுறதா மனே, பொத்தானை விடுறதா?" என்று கேட்டார். "பொத்தானை மட்டும் விடுங்க பெத்தா, ரிமோட்டை விட்டிராதீங்க" என்றான் அவன். அவர் கை பின்னால் போகும்போதே பொத்தானை விட்டுவிட்டார். திரையில் பந்து பின்பக்கமாக விழ, பின்னால் நின்ற உருவங்கள் திடுக்கிட்டுத் துள்ளின. விறாந்தை முழுக்கச் சிரிப்பு. பெத்தாவும் சேர்ந்து சிரித்தார். மறுபடி வீசியபோது ஏழு கட்டைகள் விழுந்தன. அதற்குப் பிறகு சாறித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவரே தன் முறையைக் கேட்டு வாங்கி ஆடினார். தவறினால் அவமானம் வராமல் எல்லோருக்கும் சிரிப்பு வரும்படி அந்த ஆட்டத்தை அமைத்தவர்களின் மதிநுட்பத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். இதே ஆட்டத்தைக் கதிரையில் இருந்தும் ஆடலாம், சக்கர நாற்காலியில் இருந்தும் ஆடலாம், ஒரு கை மட்டும் உள்ளவரும் ஆடலாம். நான்கு பேர் ஆடுவதற்கு ஒரே ரிமோட்டைக் கைமாற்றிக் கொண்டாலும் போதும். நாலாவது ரிமோட்டுக்குப் பணம் இல்லாத குழுவுக்கு இது சிறிய விடயம் அல்ல.

குறைகளும் அதே எளிமையில் இருந்தே வருகின்றன. வீ ரிமோட்டுக்குள் இருப்பது முடுக்கத்தை அளக்கும் ஒரு சிறு சில்லு. கையின் வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை அது உணரும். கை எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே டெனிஸில் தோளிலிருந்து முழுக் கையையும் வீசுவதும், சாய்கதிரையில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டுவதும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே. திரையில் ஓடுவதைக் கருவியே பார்த்துக்கொள்ளும். நீங்கள் அடிக்கும் நேரத்தை மட்டும் தீர்மானிக்கிறீர்கள். பையன்கள் இதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அவர்கள் உட்கார்ந்து சுண்டி வெல்ல, நின்று ஆடுபவர்கள் தோற்பார்கள். எங்கள் பக்கத்தில் எல்லே என்ற மட்டைப்பந்து ஆட்டம் ஆடிப் பழகியவர்களுக்குப் பேஸ்போல் உடனே பிடித்துப்போகும், அடித்துவிட்டு எல்லைகளைச் சுற்றி ஓடும் ஒழுங்கு இரண்டிலும் உண்டு. ஆனால் வீயில் ஓடுவதும் பந்தைப் பிடிப்பதும் தானாக நடக்கும் என்பதால், எல்லேயின் பாதி இன்பம் அங்கே இல்லை. குத்துச்சண்டைக்கு நன்சக் என்ற இரண்டாவது கைப்பிடியும் வேண்டும்; அதில் குத்துகளை ஒழுங்காக வாசிப்பதும் இல்லை. அதை மண்டபத்தில் போடாமல் விடுவதே நல்லது.

2009இல் சுழற்சியை அளக்கும் இன்னொரு சில்லை மோஷன்பிளஸ் என்ற இணைப்பாகத் தந்து, 12 வகை விளையாட்டுகளோடு வீ ஸ்போர்ட்ஸ் ரிசோர்ட்டை வெளியிட்டார்கள். மணிக்கட்டுத் திருப்பத்தையும் அது வாசிக்கும். மேசைப்பந்தும் வில்வித்தையும் அதில் உண்மையிலேயே நன்றாக உள்ளன. வாங்கும்போது இரண்டு இறுவட்டுகளையும் சேர்த்து வாங்கினால் மூத்தவர்களுக்கு முதலாவது, பிள்ளைகளுக்கு இரண்டாவது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவை உடற்பயிற்சி ஆகுமா என்ற கேள்வி எங்கள் குழுவில் பலமுறை வந்தது. 2007 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் லிவர்பூல் ஆய்வாளர்கள் இதற்கு அளந்தே பதில் சொன்னார்கள். பதின்ம வயதினர் வீ ஸ்போர்ட்ஸ் ஆடும்போது, உட்கார்ந்து ஆடும் வீடியோ விளையாட்டைவிடக் கூடுதலான சக்தியைச் செலவழிக்கிறார்கள். ஆனால் அது அந்த விளையாட்டை நேரில் ஆடுவதற்கு ஈடாகாது, பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அன்றாட உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கும் அளவுக்கும் போதாது. எதிர்ப்பக்கமும் உண்டு. அதே 2007இல் நியூ இங்லண்ட் மருத்துவ இதழில் ஒரு மருத்துவர், மணிக்கணக்கில் வீ டெனிஸ் ஆடியதால் மறுநாள் காலை தோள்பட்டைத் தசைநாரில் கடும் வலியோடு எழுந்ததை எழுதியிருந்தார். உண்மையான மட்டையின் கனம் கையில் இல்லாததால் களைப்புத் தெரியாது. களைப்புத் தெரியாததால் நிறுத்தத் தோன்றாது.

பக்கவாதத்திலிருந்து தேறியவர்களின் கைப்பயிற்சிக்கு வீ உதவும் என்று பலர் நம்பினார்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன். 2016இல் லான்செட் நியூரோலொஜி இதழில் வந்த, கனடாவைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஆய்வு, வீ ஆடியவர்களுக்கும் சீட்டாட்டம் போன்ற எளிய பொழுதுபோக்குகளில் ஈடுபட்டவர்களுக்கும் இடையே கை இயக்கம் திரும்புவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. இதை நான் வீக்கு எதிரான சான்றாக மட்டும் எடுக்கவில்லை. சேர்ந்து ஆடுவது எதுவாக இருந்தாலும் பயன் உண்டு, அதற்கு விலையுயர்ந்த கருவி கட்டாயம் அல்ல என்றுதான் அதை வாசிக்கிறேன். கரம் பலகை வைத்திருக்கும் வாசிகசாலை இதை மனதில் கொள்ள வேண்டும்.

அடுத்ததாகப் பலரும் சொல்லும் பெயர் கினெக்ட். எக்ஸ்பொக்ஸ் 360 கருவிக்காக மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2010 நவம்பரில் வெளியிட்ட கமரா இது. கையில் ஒன்றும் பிடிக்க வேண்டியதில்லை; அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகளை அறைக்குள் வீசி, அவை திரும்பும் விதத்திலிருந்து உடலின் 20 மூட்டுகளை அது கணிக்கும். அதற்கான கினெக்ட் ஸ்போர்ட்ஸ் என்ற தொகுப்பில் உதைபந்தாட்டம், கடற்கரைக் கரப்பந்தாட்டம், மெய்வல்லுநர் போட்டிகள், மேசைப்பந்து, பௌலிங், குத்துச்சண்டை ஆகிய ஆறும் உள்ளன. உண்மையில் காலால் உதைக்கலாம், இருந்த இடத்தில் ஓடலாம், தடை தாண்டிக் குதிக்கலாம். வியர்ப்பதற்கு இந்த மூன்றில் இதுவே முதலிடம். சாய்கதிரையில் இருந்து ஏமாற்றவும் முடியாது. விளம்பரத்தைப் பார்த்தால் எங்கள் தேவைக்கு இதுவே மிகப் பொருத்தம் என்று தோன்றும்.

எங்கள் வீடுகளிலும் மண்டபங்களிலும் இதைப் பயன்படுத்த முனைந்தால்தான் சிக்கல்கள் தெரியவரும். ஒருவர் ஆடுவதற்குக் கமராவிலிருந்து ஏறத்தாழ 1.8 மீற்றர், இருவர் ஆடுவதற்கு ஏறத்தாழ 2.4 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தளபாடமும் இருக்கக் கூடாது. காத்தான்குடியிலோ சாய்ந்தமருதுவிலோ நெருக்கமாகக் கட்டிய வீடுகளின் ஹோலில் அந்த இடம் எங்கே கிடைக்கும்? விறாந்தையில் வைத்தால் நேரடியாக விழும் வெயில் அகச்சிவப்பு ஒளியை மூழ்கடித்துவிடும். அதைவிட முக்கியமானது உடை. கால்களைத் தனித்தனியே கண்டால்தான் கமரா உடலைச் சரியாகக் கணிக்கும். தொளதொளப்பான நீண்ட உடைகளில் அது தடுமாறும். சாறி, அபாயா, சாரம் ஆகியவற்றோடு வருபவர்கள் முன்னால் நின்றால் திரையில் உள்ள உருவத்தின் கால்கள் கண்டபடி உதறும். அப்படியானால் யார் வசதியாக ஆடலாம்? காற்சட்டை போட்ட பையன்கள். நான் மேலே சொன்ன அளவுகோலில் கினெக்ட் தோற்பது இந்த இடத்தில்தான். நின்று ஆடும் முழு உடலை எதிர்பார்த்தே கினெக்ட் ஸ்போர்ட்ஸ் அமைக்கப்பட்டிருப்பதால், சக்கர நாற்காலியில் இருப்பவரும் வெளியே நின்றுவிடுகிறார். ஒரே நேரத்தில் இருவர் மட்டுமே ஆடலாம். இடையில் ஒரு சின்னப்பிள்ளை குறுக்கே ஓடினால் ஆட்டம் குழம்பும், பிள்ளைகள் குறுக்கே ஓடாத மண்டபம் எங்கள் ஊரில் கிடையாது. கையசைவுக்கும் திரையசைவுக்கும் இடையே ஒரு தாமதமும் உணரக்கூடியதாக இருக்கும். கினெக்ட் உற்பத்தியை 2017இல் நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்பொக்ஸ் 360இன் இணையக் கடையும் 2024 ஜூலையில் மூடப்பட்டது. யாரேனும் இலவசமாகத் தந்து, பாடசாலை மண்டபம் போன்ற விசாலமான இடமும் இருந்தால் மறுக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்க நான் ஆதரவு தரமாட்டேன்.

நின்டென்டோவின் சுவிட்ச் இன்னும் கடைகளில் புதிதாகக் கிடைக்கும் கருவி. அதனால் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2017 மார்ச்சில் வந்த இந்தக் கருவிக்கு நின்டென்டோ சுவிட்ச் ஸ்போர்ட்ஸ் என்ற விளையாட்டுத் தொகுப்பு 2022 ஏப்ரலில் வெளியானது. தொடக்கத்தில் டெனிஸ், பட்மின்டன், பௌலிங், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், வாள்வீச்சு ஆகிய ஆறு இருந்தன. அதே ஆண்டின் இறுதியில் கொல்ஃபும் 2024இல் கூடைப்பந்தாட்டமும் இலவசமாகச் சேர்க்கப்பட்டன. பட்டியலைப் பார்த்தாலே இது எங்கள் ஊர்களுக்கு நெருக்கமானது என்று தெரியும். கரப்பந்தாட்டம் இல்லாத கிராமம் இங்கே இல்லை. மட்டக்களப்பு நகரில் கூடைப்பந்தாட்டம் வேர்விட்டது புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குருமார்களால். அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரைத்தான் நகர மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது. அந்தப் பாரம்பரியத்தில் வந்தவர்கள் திரையில் ஒரு கூடையைக் கண்டால் சும்மா இருக்கமாட்டார்கள். (கிரிக்கெட் இந்த மூன்று கருவிகளின் இந்த விளையாட்டுத் தொகுப்புகள் எதிலும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அதை எதிர்பார்த்துப் பணம் தருபவர்கள் இருக்கக்கூடும்.)

ஜோய்-கொன் எனப்படும் சிறிய கைப்பிடிகளுக்குள் முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சில்லுகள் இரண்டும் உள்ளன. மணிக்கட்டைத் திருப்பினால் பந்து வளையும். பட்மின்டனில் மெதுவாகத் தட்டுவதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் வேறுபாடு தெரியும். கரப்பந்தாட்டத்தில் எடுப்பது, உயர்த்துவது, அடிப்பது, தடுப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி அசைவு உண்டு. துணையோடு நேரம் பிசகாமல் குதிக்க வேண்டும். அதை ஆடும் இருவர் ஒருவரையொருவர் கூப்பிட்டு ஆடத் தொடங்குவதைப் பார்ப்பது எனக்கு மகிழ்ச்சியான காட்சி. திரைக்கு நேரே பிடித்து அவ்வப்போது மையப்படுத்த வேண்டியிருப்பதைத் தவிர, கையசைவை வாசிப்பதில் முதல் வீயைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்தக் கருவியில் நான்கு பேர் சேர்ந்து ஆடுவது செலவுள்ள காரியம். பெட்டியில் வருவது ஒரு சோடி ஜோய்-கொன். 2022இல் அமெரிக்காவில் விளையாட்டு 49.99 டொலருக்கு வெளியானபோது, இன்னொரு சோடி ஜோய்-கொன்னின் விலை 79.99 டொலராக இருந்தது. உதைபந்தாட்டத்துக்கு ஒருவருக்கே ஒரு சோடி வேண்டும். ஜோய்-கொன் சிறியது, வழுக்கும். அதன் நெம்பு நாளடைவில் தொடாமலேயே நகரத் தொடங்கும் பழுது உலகெங்கும் அறியப்பட்டது. அசைவால் ஆடும் ஆட்டங்களில் இது பெரிதாகப் பாதிக்காது. ஆனால் நெம்பால் நடக்க வேண்டிய உதைபந்தாட்டத்தில் உருவம் தானாகவே நடந்துபோகும். இன்னொரு மனக்குறையும் உண்டு. உடைகள், மட்டைகள் போன்ற வெகுமதிகளை இணைய வழியில் பிறரோடு ஆடி, அதற்கு மாதச் சந்தாவும் கட்டியே பெறும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரே மண்டபத்தில் கூடி ஆடுபவர்களுக்கு அந்த விளையாட்டு மிகக் குறைவாகவே திருப்பிக் கொடுக்கிறது. கொல்ஃபையும் கூடைப்பந்தாட்டத்தையும் பெறுவதற்கும் ஒருமுறையாவது இணையத்தோடு இணைக்க வேண்டும். படுவான்கரையின் உட்கிராமங்களில் இருப்பவர்கள் நகரில் உள்ள ஒரு வீட்டில் வைத்து இதை முன்கூட்டியே செய்துகொண்டு போகலாம். வீயின் இறுவட்டைப் போட்டால் எல்லாம் முதல் நாளே அதற்குள் இருக்கும்.

மழைக்கால மின்வெட்டுக்கும் இடியோடு கூடிய மழைக்கும் சுவிட்ச் ஓரளவு ஈடுகொடுக்கும். இடி முழங்கும்போது தொலைக்காட்சியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கருவியின் சொந்தத் திரையைக் கதிரைமேல் நிறுத்தி இருவர் தொடர்ந்து ஆடலாம். ஜோய்-கொன் முழுமையாக மின்னேற்றினால் ஏறத்தாழ 20 மணி நேரம் தாங்கும். வீ ரிமோட்டுக்கு இரண்டு சிறிய பற்றரிகள் வேண்டும். அவை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது நன்மை. கடற்காற்றின் ஈரத்தில் பற்றரியை உள்ளே விட்டு மாதக்கணக்கில் வைத்தால் அது கசிந்து தகடுகளை அரித்துவிடும் என்பது தீமை.

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் கருவிக்கான மூவ் என்ற கைப்பிடி 2010இல் வந்தது. அதன் ஒளிரும் உருண்டையைக் கமரா தொடர்வதால் துல்லியம் மிக நன்று, ஆனால் இன்று எல்லா உறுப்புகளையும் ஒன்றாகச் சேர்ப்பது கடினம். தலையில் மாட்டும் குவெஸ்ட் போன்ற கருவிகளில் மேசைப்பந்து வியக்கத்தக்க அளவு உண்மையாக இருக்கிறது; எனினும் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அந்த உலகத்துக்குள் இருப்பார், சிலருக்குத் தலைசுற்றும், மண்டபத்தில் கூடி நிற்பவர்களுக்கு அங்கே இடமில்லை.

உண்மையான மேசைப்பந்து மேசை ஒன்றையும் இரண்டு கரம் பலகைகளையும் இவற்றோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். அவற்றுக்கு மின்சாரம் வேண்டாம். பத்து ஆண்டுக்குப் பிறகும் அதே விளையாட்டுத்தான். ஆடுபவரின் திறமை ஆண்டுக்காண்டு வளரும். ஆழம் என்று பார்த்தால் எந்தக் கருவியும் அவற்றுக்கு அருகில் வராது. ஆனால் மேசைப்பந்தில் பழகாதவர் பழகியவரோடு ஐந்து நிமிடம்கூட நிற்க முடியாது. கரம் பலகையைச் சுற்றி எங்கள் ஊர்களில் யார் இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெத்தாவை அவை எழுப்பியிருக்கமாட்டா.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில், ஊர்ப் பொது மண்டபத்துக்கு என் முடிவு பாவித்த வீ கருவியே. நான்கு ரிமோட்டுகள், இரண்டு இறுவட்டுகள் எல்லாம் சேர்ந்தும் புதிய சுவிட்சுக்கும் கூடுதல் ஜோய்-கொன்களுக்கும் ஆகும் பணத்தில் ஒரு பங்குதான் ஆகும். மிச்சத்தில் மேசைப்பந்து மேசை ஒன்றை வாங்கி அருகில் போட்டுவிடலாம். திறமை வளர்க்க விரும்புபவர் மேசைக்குப் போகட்டும். விளையாட்டே தனக்கு இல்லை என்று நினைத்திருந்தவர் திரைக்கு வரட்டும். வீ ஆழமற்றது என்ற குற்றச்சாட்டு இந்த ஏற்பாட்டில் வலுவிழந்துவிடுகிறது. வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்து, இணைய வசதியும் இருந்து, நெடுநாள் பயன்பாட்டுக்கு வாங்கும் குடும்பத்துக்குச் சுவிட்சே பொருத்தம். அங்கே தொடர்ந்து ஆடுபவர்களுக்கு அதன் நுட்பம் பயன்படும், வேறு விளையாட்டுகளும் அதற்கு நிறைய உண்டு. மண்டபத்துக்கே புதிய கருவி வேண்டும் என்று பணம் தருபவர் விரும்பினால், இரண்டாவது சோடி ஜோய்-கொன்னுக்கும் சேர்த்து அவர் தர வேண்டும் என்று தயங்காமல் கேட்க வேண்டும். இருவர் மட்டும் ஆடும் கருவி மண்டபத்துக்கு உதவாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது மின்சாரம். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் வீயின் மின்மாற்றி 120 வோல்ட்டுக்கானது. எங்கள் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். பிரித்தானியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வருவதாயின் அந்தக் கவலை இல்லை. சுவிட்சின் மின்மாற்றி 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். வீயும் இறுவட்டும் ஒரே பிராந்தியத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும் என்பதால், கருவியை இலண்டனிலிருந்தும் இறுவட்டை ரொறன்ரோவிலிருந்தும் எடுப்பிக்க வேண்டாம். சுவிட்சுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விலை குறைவு என்று உறவினர்கள் சுவிட்ச் லைட்டை அனுப்பிவிடக்கூடும். அதைத் தொலைக்காட்சியில் இணைக்கவே முடியாது, கைப்பிடிகளும் கழலாது. வீயில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களே இருப்பதால் பழைய பெட்டித் தொலைக்காட்சியிலும் அது வேலை செய்யும். புதிய தட்டைத் தொலைக்காட்சியில் அந்தத் துளைகள் இல்லாவிட்டால் மாற்றி ஒன்று தேவைப்படும். கடையில் வாங்குவதாயின் இறுவட்டைப் போட்டு ஒரு பௌலிங் ஆட்டம் முழுவதையும் ஆடிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். போலி ரிமோட்டுகள் ஏராளம். அவை மெனுவில் நன்றாக இயங்கி, வீசும்போது தடுமாறும்.

தொலைக்காட்சியின்மேல் வைக்கும் உணர்பட்டை எனப்படும் கம்பியில் உணர்வதற்கு ஒன்றும் இல்லை. இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே உண்டு, அவற்றை ரிமோட்டின் முனையிலுள்ள கமராதான் பார்க்கிறது. அருகில் சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றியிருந்தால் அந்தச் சுடரையும் அது விளக்காக எண்ணிக்கொள்ளும். திரையில் அம்புக்குறி துள்ளினால் கருவியில் பழுது என்று நினைக்காமல் முதலில் விளக்கைத் தள்ளி வையுங்கள்.

மணிக்கட்டு வாரை மாட்டாமல் எவரையும் ஆட விடக் கூடாது. வீ வெளியான சில வாரங்களிலேயே வார் அறுந்து ரிமோட்டுகள் பறந்ததால், 2006 டிசம்பரில் 32 இலட்சம் வார்களை மாற்றித் தருவதாக நின்டென்டோ அறிவிக்க நேர்ந்தது. மாரியில் சீமெந்துத் தரை ஈரமாக இருக்கும்; ஆடும் இடத்தில் ஒரு பாய் விரித்து, வெறுங்காலோடு ஆடச் சொல்லுங்கள். மண்டபத்தின் நேர அட்டவணையில் பெண்களுக்கும் மூத்தவர்களுக்கும் தனி மாலைகளை முதலிலேயே எழுதிவிட வேண்டும், ரிமோட்டுகள் இருக்கும் அலுமாரியின் திறப்புகளில் ஒன்று மாதர் சங்கத்திடம் இருக்க வேண்டும். எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் கருவியின் விலைக்கு முன்பாக நான் முன்வைக்கப் போவது இந்த இரண்டையும்தான்.